குளிர்கால இருளும் மனச்சோர்வும்

வானிலைக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோர் இரண்டு விளைவுகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்: ஒன்று, நாளுக்கு நாள் மாறும் வெயிலாலும் மழையாலும் எழுந்து மறையும் உணர்வு, மற்றொன்று, மாதக்கணக்கில் பகல் குறுகிப்போகும் நாடுகளில், ஒளிக்குறைவால் உடலுக்குள்ளேயே நிகழும் மாற்றம். முதல் விளைவு பொதுவாக எண்ணப்படுவதைவிட வலுக்குறைந்தது. உளவியலாளர்களான நோர்பர்ட் ஷ்வார்ஸும் ஜெரால்டு குளோரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், வெயில் நாளில் தொலைபேசியில் வினவப்பட்டவர்கள், மழை நாளில் வினவப்பட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கை நிறைவாக இருப்பதாகக் கூறினர். ஆனால், உரையாடலின் தொடக்கத்திலேயே வானிலையைப் பற்றிக் கேட்டபோது, தங்கள் வாட்டத்துக்கு மழை காரணமாகலாம் என்பது அவர்களுக்குப் புலப்பட்டதால், அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. இரண்டாம் விளைவோ, காரணத்தை அறிந்துகொள்வதால் மட்டும் நீங்குவதன்று.

இலையுதிர்காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் முழுவதும் நீடித்து, இளவேனிலில் தானே விலகி, மறு ஆண்டும் திரும்பிவரும் இந்நிலையை, அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் 29 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 1984இல் 'பருவகால மனச்சோர்வு' என்ற பெயரில் விவரித்தனர். ரோசென்தால், வெயில் மிகுந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்கில் குடியேறியபின், குளிர்காலத்தில் தம் ஊக்கம் குன்றுவதைத் தாமே கண்டவர். பொதுவான மனச்சோர்வில் பெரும்பாலும் உறக்கமும் பசியும் குறைய, இந்நோயிலோ உறக்கம் மிகுகிறது. மாவுப்பொருளின் மீதும் இனிப்பின் மீதும் வேட்கை கூடி எடை ஏறுகிறது. எந்த வேலையிலும் நாட்டமின்றி, பிறரிடமிருந்து ஒதுங்கியிருக்கும் விருப்பமும் தோன்றுகிறது.

இதன் வேர் கண்ணிலிருந்து தொடங்குகிறது. பொருள்களைக் காண உதவும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் அன்றி, மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்டு சுற்றுப்புற ஒளியின் அளவை உணரும் வேறொரு வகை நரம்பணுக்களும் விழித்திரையில் உள்ளன என்பதை 2002இல் வெளியான ஆய்வுகள் நிறுவின. இவை அனுப்பும் செய்தி, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களால் ஆன உடற்கடிகாரத்தை அடைகிறது. அக்கடிகாரமோ பினியல் சுரப்பியை அடக்கியும் தூண்டியும், இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரக்கும் நேரத்தை வகுக்கிறது. குளிர்காலத்தில் விடியல் தாமதமாவதால் உடற்கடிகாரமும் பின்தங்கிப்போய், அலுவலகமும் பள்ளியும் தொடங்கிய பின்னும் உடல் இரவிலேயே இருக்கிறது என்பது இத்துறையில் செல்வாக்குள்ள விளக்கங்களுள் ஒன்றாகும். இதனுடன், மனநிலையைச் சீராக்குவதில் பங்குள்ள செரோடோனின் மூளையில் குளிர்காலத்தில் குறைவாகவும், வெயில் மிகுந்த நாள்களில் கூடுதலாகவும் உருவாகிறது என்று 2002இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

நோயின் காரணம் ஒளியோடு பிணைந்திருப்பதால் மருந்தும் ஒளியாகவே அமைந்தது. ஒளியின் செறிவை அளக்கும் அலகு லக்ஸ் ஆகும். விளக்கேற்றிய அலுவலக அறையில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் மட்டுமே கிடைக்க, உச்சிவெயிலில் அது 1,00,000 வரை உயரும். ஆகவே 10,000 லக்ஸ் ஒளிரும் சிறப்பு விளக்கின் முன்னே, காலையில் எழுந்தவுடன் அரை மணி நேரம் அமர்வது வழக்கமான சிகிச்சையாயிற்று. கண்நோய் உள்ளவர்களும், அளவுகடந்த கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவர்களும் மருத்துவரின் அறிவுரையின்றி இதனைக் கைக்கொள்ளலாகாது.

ஒளியின் தேவையை ஓர் ஊரே உணர்ந்து செயல்பட்டதற்கு நார்வேயின் ரியூக்கான் நகரம் சான்றாகும். தெற்கே நிற்கும் மலை, அடிவானை ஒட்டி நகரும் குளிர்காலச் சூரியனை மறைத்துவிடுவதால், செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை அந்தப் பள்ளத்தாக்கில் நேரடி வெயில் விழுவதில்லை. அங்கே உர ஆலை நடத்திய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம், மக்கள் மலைமேல் சென்று வெயில் காய்வதற்காக 1928இல் ரோப் கார் அமைத்தது. 1913இலேயே பேசப்பட்ட மற்றொரு திட்டம் 2013இல் நிறைவேறி, மலைச்சரிவில் நிறுவப்பட்ட மூன்று பெரிய கண்ணாடிகள், கணினியின் உதவியால் சூரியனைப் பின்தொடர்ந்து, அதன் ஒளியை நகரச் சதுக்கத்தில் பாய்ச்சுகின்றன. இது மருத்துவச் சிகிச்சையன்று. எனினும் வெயிலைக் குடிநீரைப்போலப் பொதுத் தேவையாகக் கருதிய உயர்ந்த முயற்சி.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு இருக்க, ஆஸ்லோவில் அது 12 மணி நேரத்துக்கும் மேலாகும். இத்தகைய குளிர்காலத்தை முன்பின் அறியாத ஈழத்தமிழர் பலர், போரின் காரணமாக நார்வேக்கும் கனடாவுக்கும் புலம்பெயர்ந்தனர். நார்வேயின் வடகோடி மீன் ஆலைகளில் உழைத்தவர்களும் அவர்களுள் உண்டு. பிரிவும் இழப்பும் தரும் துயரத்தோடு ஒளிக்குறைவின் சோர்வும் சேரும்போது, ஒன்றை மற்றொன்றாகப் பிழைபட எண்ணிவிடுவது எளிது. எனவே குளிர்காலந்தோறும் சோர்ந்து ஒடுங்குபவரைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளாமல், அச்சோர்வு எந்த மாதத்தில் வருகிறது, எப்போது விலகுகிறது என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே குடும்பத்தார் செய்யத்தக்கது. ஏனெனில் இது மனவுறுதியின் குறையன்று, சிகிச்சைக்கு இணங்கும் நோய்.