ஒரு கல்லா, இரண்டு வாசல்

கணிப்பொறித் திரையில் நாம் காணும் ஒவ்வொரு சாளரத்துக்கும் பின்னால் ஓயாத சுழல் ஒன்று ஓடுகிறது. விசை தட்டினார்களா, சுட்டியை அழுத்தினார்களா என்று பார்த்து, வந்ததை உரிய செயலுக்கு அனுப்புவதே அதன் வேலை. இதை நிகழ்வுச் சுழல் என்பார்கள். வெளிக்கருவியையோ வலையிணைப்பையோ கவனிக்கும் நிரலுக்கும் இப்படித் தனிச் சுழல் உண்டு. இரண்டையும் ஒன்றாய்ச் சேர்க்கும் இடத்தில்தான் நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள்.

மட்டாஞ்சேரியில் வியாபாரம் செய்யும் எனக்கு இது கடைக்கணக்காகவே படுகிறது. கல்லாவிலே ஒரே ஆள். முன்வாசலில் வாடிக்கைக்காரர், பின்வாசலில் சரக்கு வண்டி. வண்டியையே பார்த்து நின்றால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். சாளரம் உறைந்து நிற்பதும் இதுதான். பொறி கெட்டுவிட்டதென்று புதிது வாங்கிப் பயனில்லை. கவனிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் 2004-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டத்தைப் பாருங்கள். மாணவர்கள் குறைந்த செலவில் இயற்பியல் சோதனை செய்ய அதிலிருந்து வந்த சிறு பெட்டிதான் எக்ஸ்பைஸ். முதலில் அதன் சாளரங்களைப் பைதான் மொழியில் டிகின்டர் கொண்டு அமைத்தார்கள். டிகின்டரின் சுழல் தொடங்கியதும் ஆட்சி முழுவதும் அதனிடம். ஆகவே அளக்கும் செயல், "இத்தனை மில்லிவினாடி கழித்து என்னைக் கூப்பிடு" என்று 'ஆஃப்டர்' கட்டளையால் சொல்லி வைக்கிறது. முறை வந்ததும் அளந்து, கோடு வரைந்து, மறுபடி அதையே சொல்லிவிட்டு விலகுகிறது. வேகமான அளவுகளைப் பெட்டியிலுள்ள நுண்கட்டுப்படுத்தியே சேர்த்துத் தருவதால், சாளரம் சற்றுத் தாமதித்தாலும் அலைவடிவம் கெடுவதில்லை. பின்னாளில் க்யூட்டி கருவித்தொகுப்புக்கு மாறியபோதும் நேரங்காட்டியால் இதே முறைதான்.

வேறு வழிகளும் உண்டு. பின்வாசலுக்கு மணி கட்டி, சரக்கு வந்தால் கல்லாவிலேயே ஒலிக்கச் செய்யலாம். அதாவது, வெளி இணைப்பைச் சாளரச் சுழலிடமே ஒப்படைப்பது. இரண்டு சுழல்களை ஒன்றாக்குவதும் உண்டு: 2006-இல் வந்த க்யூட்டி 4.2, லினக்ஸில் ஜிலிப் சுழலின் மேலேயே ஓடக் கற்றது. வேலை நீண்டதென்றால் தனி இழையில் இன்னொரு ஆளை வைக்கலாம். ஆனால் அவர் கல்லாவைத் தொடக்கூடாது. சீட்டு எழுதி வரிசையில் போட்டால் கல்லாக்காரர் எடுத்துக்கொள்வார்.

எந்த வழியானாலும், நிரல் எழுதுமுன் பிள்ளைகள் கேட்க வேண்டியது ஒன்றே: இங்கே எந்தச் சுழல் முதலாளி? அது தெளிவானால் மற்றது தன் முறைக்குக் காத்திருக்கும், சாளரமும் உறையாது.