மணிப்பூ கேட்கும் குளிர்

ஆல்ப்ஸ் மலைப் பாறை இடுக்குகளில் நீல மணிகளைக் கோத்தாற்போல் பூக்கும் செடி, கம்பானுலா. லத்தீனில் 'சின்ன மணி' என்று பொருள். அதன் விதையை வாங்கிச் சிங்கப்பூரில் வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் ஊன்றலாமா? வேண்டாம் நேயர்களே, காசுக்குக் கேடு.

பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம்தான் அதற்கு எமன். குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் உறங்கிப் பழகிய வேர் அது. நம் ஊரிலோ நள்ளிரவிலும் 25 டிகிரி. போதாக்குறைக்கு மழை ஈரம் வேறு, வேர் அழுகிவிடும்.

மலைச்செடி பார்க்கும் ஆசைக்குக் கரையோரப் பூந்தோட்டத்தின் மேகக் காடு இருக்கிறது. 2012இல் திறந்த கண்ணாடிக் கூடம். உள்ளே 35 மீட்டர் உயரச் செயற்கை மலை, குளிரூட்டிய காற்று, முகத்தில் படியும் நீர்த்தூவல். அங்கேயும் பெரும்பாலும் வெப்பமண்டல மலைச்செடிகள்தாம்.

வீட்டு வாசலுக்கு மணி வடிவப் பூ வேண்டுமானால் மஞ்சள் அலமண்டா போதும். நல்ல வெயில், நீர் தங்காத மண், அவ்வளவே. கிளை நறுக்கும்போது மட்டும் கையுறை போடுங்கள், பால் பட்டால் அரிக்கும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரையும் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சொட்டே தாராளம்.