பாடத்தில் சவ்வூடு பரவல், வீட்டில் ஓ.ஆர்.எஸ்.



நம் அறக்கட்டளையின் மாலை நேர வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செல் சவ்வுப் பாடம் நடத்தினோம். 'சவ்வூடு பரவல்' என்றால் என்ன என்று கேட்டதும் எல்லோரும் புத்தகத்தில் உள்ளபடியே ஒப்பித்தார்கள். அடுத்து ஒரு கேள்வி கேட்டோம்: "வீட்டில் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரே டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாமா?" "கொடுக்கலாம், சீக்கிரம் குணமாகும்" என்றார்கள் பலரும். அவர்கள் ஒப்பித்த விதியிலேயே இதற்கான விடை இருக்கிறது. அது அவர்களுக்குத் தோன்றாதது எங்கள் குறை. எனவே அடுத்த வகுப்பைச் சமையலறைப் பொருள்களோடு தொடங்கினோம். பெற்றோரும் இதை வீட்டில் செய்து காட்டலாம்.

உருளைக்கிழங்கை விரல் அளவு துண்டுகளாக நறுக்குங்கள். பாதியை வெறும் தண்ணீரிலும், மீதியை இரண்டு ஸ்பூன் உப்புக் கரைத்த ஒரு டம்ளர் தண்ணீரிலும் போடுங்கள். அஸருக்குப் போட்டால் இஷாவுக்கு எடுத்துப் பார்க்கலாம். வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக இருக்கும். உப்புத் தண்ணீரில் கிடந்தது தொய்ந்து வளையும்.

செல் சவ்வு தண்ணீரை எளிதில் விடும். உப்பையும் சர்க்கரையையும் அப்படி விடாது. எந்தப் பக்கம் கரைபொருள் செறிவு அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். இதுதான் சவ்வூடு பரவல். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காயிலிருந்து தண்ணீர் ஊறி வருவதும், ஊறப்போட்ட உலர் திராட்சை உப்புவதும் இதனால்தான்.

இப்போது தம்பியின் குடலுக்கு வருவோம். ஒரு பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்தால் அந்தக் கரைசல் உடலின் நீரைவிடச் செறிவாகிவிடும். அது குடலுக்குள் போனால் உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்கு இழுக்கும், பேதி கூடும். இரத்தத்தில் உப்பும் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குளிர்பானம் கொடுக்கக் கூடாது என்பதற்கும் அதிலுள்ள மிகுந்த சர்க்கரையே காரணம்.

அப்படியானால் ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை எதற்கு? குடல் செல்லின் சவ்வில் ஒரு புரதக் கதவு உண்டு. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். உள்ளே வந்த சோடியத்தைச் செல் தன் ஆற்றலைச் செலவிட்டு மறுபக்கம் இரத்தத்தை நோக்கி வெளியேற்றும். பாடத்தில் வரும் ஆற்றல் சார் கடத்தல் இதுவே. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உடலுக்குள் போகும். காலராவிலும் இந்தக் கதவு கெடுவதில்லை.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லை ஊரான போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் கலந்து பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ, அவ்வளவே ஊற்றுங்கள். 1 லிட்டருக்கும் உண்டு, 200 மில்லிக்கும் உண்டு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரே நல்லது. 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில், 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எல்லாம் தலைதட்டி அளந்தது.

ஒவ்வொரு முறை பேதியானதும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மலத்தில் இரத்தம், குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, குழிந்த கண்கள், சோர்ந்த மயக்கம், சிறுநீர் நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஓர் உயிரைக் காப்பது நம் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய நன்மை என்பதை நாம் அறிவோம். இந்த வாரம் உங்கள் பிள்ளையிடம் "சவ்வூடு பரவல் என்றால் என்ன?" என்று கேளுங்கள். சொல்லி முடித்ததும், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஏன் ஒரு டம்ளரில் கரைக்கக் கூடாது என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் விடை சொன்னால் பாடம் புரிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.