கொந்தகைத் தாழிகளும் மனித அச்சுச் சட்டகமும்: ஓர் என்பியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சிவகங்கை மாவட்டம் கொந்தகையில் வெளிப்பட்ட முதுமக்கள் தாழிகளும் மனித எலும்புகளும் கீழடி ஆய்வின் முக்கியப் பகுதியாகும். அவை குறித்த பேச்சு பெரும்பாலும் மண்டையோட்டோடு நின்றுவிடுகிறது. மண்டையோடு, முதுகெலும்புத் தொடர், விலாக்கூடு ஆகியவை சேர்ந்த அச்சுச் சட்டகத்தின் அமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது. ஈமத்தாழி ஒன்றில் அந்த எலும்புகள் எவற்றைச் சொல்லக்கூடும், எவற்றைச் சொல்ல இயலாது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கொந்தகை, முதுமக்கள் தாழி, அச்சுச் சட்டகம், முள்ளெலும்பு, என்பியல், ஈமமுறை

முன்னுரை

சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில், வைகையின் தென்புறத்தில் கீழடி, கொந்தகை, அகரம், மணலூர் ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இந்தியத் தொல்லியல் துறை 2014–15இல் கீழடியில் தொடங்கிய அகழாய்வைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நான்காம் கட்டம் முதல் மேற்கொண்டது. 2020இல் நடந்த ஆறாம் கட்டத்தில் ஏனைய மூன்று ஊர்களும் ஆய்வெல்லைக்குள் வந்தன. கீழடி வாழ்விடம் எனவும் கொந்தகை அதனோடு தொடர்புடைய ஈமக்காடு எனவும் கருதப்படுகின்றன. கொந்தகையில் தாழிகளோடு குழியில் நேரடியாகப் புதைக்கப்பட்ட எலும்புக்கூடுகளும், அவற்றுள் குழந்தைகளுடையனவும் வெளிப்பட்டன.

2025இல் கொந்தகையின் இரு ஆண் மண்டையோடுகளை அடிப்படையாகக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஒத்துழைப்புடன் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக முக ஆய்வகம் உருவாக்கிய முகங்கள் வெளியிடப்பட்டன. நாளிதழ்கள் அனைத்தும் அம்முகங்களைத் தாங்கி வந்தன. அந்த ஆர்வம் இயல்பானதே. ஆயினும் ஒரு மனிதரின் வயது, உழைப்பு, நோய், அவர் அடக்கம் செய்யப்பட்ட முறை ஆகியவற்றுக்குரிய சான்றுகளில் பெரும்பங்கு முகத்திற்குக் கீழே, கழுத்து முதல் வாலெலும்பு வரையிலான பகுதியில் உள்ளது.

அச்சுச் சட்டகம்: எண்ணும் அமைப்பும்

முதிர்ந்த மனித உடலில் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் உடலின் நடுக்கோட்டை ஒட்டியமைந்த 80 எலும்புகள் அச்சுச் சட்டகம் எனப்படும். கை, கால், தோள்வளையம், இடுப்புவளையம் ஆகியவற்றைச் சார்ந்த ஏனைய 126 எலும்புகள் இணையுறுப்புச் சட்டகமாகும். அச்சுச் சட்டகத்தில் மண்டையோட்டுக்கு 22, இரு நடுச்செவிகளிலும் உள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய சிற்றெலும்புகளுக்கு 6, நாவடி எலும்புக்கு 1, முதுகெலும்புத் தொடருக்கு 26, விலாக்கூட்டிற்கு மார்பெலும்பு உட்பட 25 எனக் கணக்கு அமையும்.

மண்டையோட்டின் 22இல் 8 மூளையைச் சூழ்ந்த கபால எலும்புகள்: நுதலெலும்பு, பிடரெலும்பு, ஆப்பெலும்பு, நெய்யரியெலும்பு ஆகியவை ஒவ்வொன்று, சுவரெலும்பும் பொட்டெலும்பும் இரண்டிரண்டு. எஞ்சிய 14 முக எலும்புகள். இவற்றுள் கீழ்த்தாடை மட்டுமே அசையும் மூட்டுடையது. ஏனையவை தையல் போன்ற பொருத்துவாய்களால் இணைந்தவை.

முதுகெலும்புத் தொடர் பிறப்பில் பெரும்பாலும் 33 முள்ளெலும்புகளைக் கொண்டது: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்புப் பகுதியில் 5, வால்பகுதியில் 4. வளர்ச்சியில் கடைசி இரு தொகுதிகளும் தனித்தனியே ஒன்றிணைவதால் முதிர்ந்தோரிடம் 26 எனக் கணக்கிடப்படுகிறது. ஈழத்துக் கலைச்சொல் மரபு இவற்றைத் திருவென்பு, குயிலலகு என வழங்கும். முன்னது புனிதமானது எனப் பொருள்படும் இலத்தீனப் பெயரையும், பின்னது குயிலின் அலகு எனும் கிரேக்க உவமையையும் தழுவியவை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் பிஷ் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கிய காலம் முதல் இத்துறைக்குத் தமிழில் ஒரு தொடர் மரபு உண்டு. அதனினும் பழைய சித்த மருத்துவ மரபு என்பை ஏழு உடற்கட்டுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அப்பட்டியலில் என்பை அடுத்து வரும் 'மூளை' என்னும் சொல் எலும்பினுள் உறையும் மச்சையைக் குறிப்பது. தலைக்குள் இருப்பதாகக் கொண்டு படிப்போர் இங்கே இடறுவதுண்டு.

ஒவ்வொரு பகுதி முள்ளெலும்பும் தனி அடையாளம் உடையது. கழுத்து முள்ளெலும்புகளின் பக்க முனைப்புகளில் துளை இருக்கும். மார்பு முள்ளெலும்புகளில் விலா பொருந்தும் வழுவழுப்பான முகப்புகள் இருக்கும். இடுப்பு முள்ளெலும்புகளில் இவ்விரண்டும் இரா. அவை பருத்த உடற்பகுதியைக் கொண்டவை. இதனால் உடைந்த துண்டு ஒன்றே கிடைப்பினும் அது எப்பகுதிக்குரியது என்பதைப் பெரும்பாலும் அறியலாம். அட்லஸ் எனப்படும் முதல் கழுத்தெலும்புக்கு உடற்பகுதியே இல்லை. அது ஒரு வளையம் மட்டுமே. அடுத்துள்ள ஆக்சிஸ் எலும்பிலிருந்து பல்போன்ற முனை ஒன்று மேலெழுந்து அவ்வளையத்துள் பொருந்தும். தலையை இடமும் வலமும் திருப்புவது இவ்விணைப்பாலேயே.

இப்பல்முனை தொல்லியலில் எதிர்பாராத பயனுடையது. ஒருவருக்கு ஒன்று மட்டுமே உண்டு. செறிவுடையதாதலால் ஏனைய முள்ளெலும்புகள் சிதைந்த பின்னரும் எஞ்ச வாய்ப்புண்டு. தாழி ஒன்றில் இவை இரண்டு கிடைப்பின், எத்தனை நீளெலும்புகள் குறைந்திருந்தாலும், அதில் இருவரின் எச்சங்கள் உள்ளன எனத் துணியலாம். விலா எலும்புகளை எண்ணி இம்முடிவை எட்டுவது கடினம். 24 விலாக்கள் நூற்றுக்கணக்கான துண்டுகளாகிவிடும்.

எது எஞ்சுகிறது, எது மறைகிறது

எலும்பு கனிமமும் கரிமமும் கலந்த பொருள். அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகைக் கனிமம். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் எனும் புரதம். கனிமம் உறுதியையும் கொலாஜன் நெகிழ்வையும் தருகின்றன. மண்ணில் கொலாஜனை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன; அமிலத்தன்மையும் ஊடுருவும் நீரும் கனிமத்தைக் கரைக்கின்றன. மழைக்காலத்தில் நனைந்து கோடையில் காயும் மண்ணில் இச்சிதைவு மாறி மாறி நிகழும்.

எல்லா எலும்புகளும் ஒரே அளவில் சிதைவதில்லை. தொடையெலும்பின் நடுத்தண்டு தடித்த செறிவெலும்பால் ஆனது. முள்ளெலும்பின் உடற்பகுதியோ மெல்லிய ஓட்டினுள் பஞ்சுபோன்ற எலும்பு நிரம்பியது. ஆகவே அதன் பின்வளைவு எஞ்சி உடற்பகுதி மறைவது பல இடங்களிலும் காணப்படும் நிலை. மார்பெலும்பும் அத்தகையதே. நாவடி எலும்பு வேறெந்த எலும்போடும் மூட்டின்றித் தசைகளாலும் நாண்களாலும் தாங்கப்படுவது. அது தப்பிக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலாத்துண்டு என ஒதுக்கப்பட இடமுண்டு.

இதற்கு நேர்மாறானது பொட்டெலும்பின் பாறைப்பகுதி. உட்செவியைப் பொதிந்துள்ள இப்பகுதி மனித உடலின் மிகச் செறிவான எலும்புகளுள் ஒன்று. வெப்ப நிலங்களில் தொல்மரபணு விரைவில் சிதைந்துவிடும் நிலையில், அதைத் தேடுவோர் பற்களையும் பாறைப்பகுதியையும் முதன்மையாக நாடுவது இதனாலேயே. மண்டையோட்டின் மேற்புறம் நொறுங்கிவிட்டது என்பதற்காக அடிப்பகுதித் துண்டுகளைப் புறக்கணித்தல் தகாது.

வயதும் உழைப்பும்

குழந்தையின் முள்ளெலும்பு பிறப்பின்போது மூன்று தனித்துண்டுகளாக இருக்கும்: ஓர் உடற்பகுதி, இரு வளைவுப் பாதிகள். பொதுவாக வளைவுப் பாதிகள் முதல் மூன்று ஆண்டுகளில் பின்புறம் இணையத் தொடங்குகின்றன. பின்னர் ஏறத்தாழ மூன்று முதல் ஆறு வயதிற்குள் உடற்பகுதியோடு சேர்கின்றன. கொந்தகையில் கிடைத்தவை போன்ற சிறார் எலும்புக்கூடுகளில் உடல்நீளத்தை மட்டும் கொண்டு வயதைச் சொல்வது பிழைபடக்கூடும். ஊட்டமின்மை வளர்ச்சியைக் குறைக்கும். இறந்த உடலின் கிடப்பு நிலையும் அளவை மாற்றும். பல் முளைப்பையும் முள்ளெலும்பு இணைவையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பகமானது. இளமையின் இறுதிக்கட்டத்தைத் திருவெலும்பு காட்டும். அதன் ஐந்து துண்டுகளும் பதின்பருவத்தில் இணையத் தொடங்கி ஏறத்தாழ 25 வயதளவில் ஒன்றாகின்றன. மேலிரு துண்டுகளுக்கிடையே பிளவு அதன் பின்னும் சிலரிடம் நீடிக்கும்.

முதிர்ந்தோருக்கு வயது சொல்வது கடினம். மண்டையோட்டுப் பொருத்துவாய்கள் மூடிய அளவைக் கொண்டு வயது கூறும் வழக்கம் பழைய அறிக்கைகளில் மிகுதி. ஆனால் அம்மூடல் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதால் இன்று அது தனிச்சான்றாகக் கொள்ளப்படுவதில்லை. மார்பெலும்பை நோக்கிய விலாமுனை வயதோடு குழிந்து விளிம்பு கூர்மையடையும் என்பது மற்றொரு அளவுகோல். அம்முனையோ முதலில் சிதைவது.

உழைப்பைப் பற்றிக் கூறுமிடத்து இன்னும் கவனம் வேண்டும். தலையில் நீர்க்குடமும் நெற்கட்டும் சுமந்தோரின் கழுத்து முள்ளெலும்பு விளிம்புகளில் எலும்புத் துருத்தல்கள் தோன்றலாம். முதுகில் அழுத்தம் மிகும்போது முள்ளெலும்புகளுக்கிடையிலுள்ள வட்டத்தட்டின் உட்பொருள் எலும்பினுள் பிதுங்கிக் குழி விழலாம். ஆனால் இவ்வகை மாற்றங்கள் வயது முதிர்வாலும் மரபுப் பண்பாலும்கூடத் தோன்றுபவை. ஒரு முதுகெலும்பைக் கண்டவுடன் 'இவர் சுமைதூக்கி' என எழுதுவது சான்றை மீறிய கூற்று. ஒரே ஈமக்காட்டில் பலரிடம், இளையோரிடமும், அம்மாற்றம் ஒரே பகுதியில் திரும்பத் திரும்பக் காணப்படின் மட்டுமே தொழிற்காரணத்தைப் பேச இடமுண்டு. நோய்க்கும் இதே நிலைதான். கண்குழியின் மேற்சுவரில் காணப்படும் நுண்துளைகள் பெரும்பாலும் சிறுவயது இரத்தசோகையோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. வேறு காரணங்களும் உள. முதுகெலும்பு காசநோயில் முள்ளெலும்பின் உடற்பகுதி முன்புறம் அழிந்து தொடர் கூன்விழும். இது ஓரளவு தெளிவான அடையாளம்.

இனம் என்னும் பழைய வினா

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்த மண்டையோடுகளை ஆராய்ந்து சாலி சக்கர்மேன் எழுதிய அறிக்கை 1930இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. மண்டையோட்டின் நீள அகலங்களை அளந்து, அதன் உரிமையாளரை இன்ன இனத்தவர் என வகுப்பது அக்கால அறிவியல். தட்பவெப்பம், உணவு, மரபு ஆகிய பலவும் மண்டையோட்டு வடிவைப் பாதிப்பதாலும், மனித வேறுபாடுகள் கூர்மையான எல்லைகளின்றித் தொடர்ச்சியாக அமைவதாலும் அவ்வகைப்பாடு பின்னர் கைவிடப்பட்டது. தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் அது இன்றும் இடையிடையே தலைகாட்டுவது வருந்தத்தக்கது.

முக மீட்டுருவாக்கத்திற்கும் எல்லை உண்டு. கண்குழியின் வடிவு, மூக்குத் துவாரத்தின் அகலம், தாடையின் அமைப்பு ஆகியவற்றை எலும்பு தரும். தசை, தோல் ஆகியவற்றின் தடிமன் வாழும் மக்களிடம் எடுத்த அளவுகளிலிருந்து பெறப்படுவது. தோல்நிறம், மயிர் ஆகியவற்றை எலும்பு தராது. அவை பிற தரவுகளையும் ஊகத்தையும் சார்ந்தவை. எனவே அம்முகங்களை அறிவியல் அடிப்படையிலான மதிப்பீடுகள் எனலாம். உருவப்படங்கள் எனல் பொருந்தாது.

தாழியுள் கிடப்பு நிலை

மணிமேகலை சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் எரித்தல், வெறுமனே இடுதல், குழிதோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை ஈமமுறைகளைக் குறிப்பிடுகிறது. ஆனால் தாழியில் இடப்பட்டது இறந்த உடலா, வேறிடத்தில் தசை நீங்கிய பின் பொறுக்கிய எலும்புகளா என்பதைப் பாடலைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. அதனைத் தீர்ப்பது பெரிதும் அச்சுச் சட்டகமே.

உடல் சிதையும்போது மூட்டுகள் ஒரே வேகத்தில் பிரிவதில்லை. கழுத்து முள்ளெலும்புகளும் கைவிரல்களும் விரைவில் பிரிபவை. இடுப்பு முள்ளெலும்புகளும், பிடரெலும்புக்கும் அட்லசுக்கும் இடையிலான மூட்டும் நெடுநாள் பற்றி நிற்பவை. தாழியினுள் கழுத்து முள்ளெலும்புகள் வரிசை குலையாது கிடப்பின் உடல் முழுதாகவே உள்ளே வைக்கப்பட்டது எனத் துணியலாம். இடுப்பு முள்ளெலும்புகள் மட்டும் சேர்ந்திருப்பின் அது பாதி சிதைந்த நிலையில் இடம்பெயர்ந்திருக்கவும் கூடும். மண்டையோடும் நீளெலும்புகளும் மட்டும் இருந்து முள்ளெலும்புகளே இல்லாவிடின், பொறுக்கி வைத்தல் எனும் முடிவு தோன்றும். ஆனால் அங்கும் அவசரம் ஆகாது. முள்ளெலும்புகள் வைக்கப்படவே இல்லையா, வைக்கப்பட்டு மண்ணில் கரைந்தனவா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அதே தாழியில் விலாத்துண்டுகளும் கால்விரல் எலும்புகளும் எஞ்சியுள்ளனவா என்பது இதற்குத் துணைபுரியும். சிற்றெலும்புகள் தப்பிய மண்ணில் முள்ளெலும்பு முற்றிலும் கரைந்தது என வாதிடுவது கடினம்.

தாழிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. மூடிய தாழியின் உட்பகுதி வெற்றிடம். உட்கார்த்தி வைத்த உடலில் தசைநாண்கள் அறுந்ததும் தலை சரிந்து மடியில் விழும். விலாக்கள் தட்டையாகச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று படியும். முள்ளெலும்புகள் அடியில் குவியும். முழு உடலாக வைக்கப்பட்டதே இவ்வாறு பொறுக்கி வைத்த எலும்புக்குவியல் போலத் தோற்றமளிக்கும். மண் உள்ளே புகுந்தது எலும்புகள் விழுமுன்னா, பின்னா என்பதை மண்ணடுக்கே காட்டும். இதனை அறிய, தாழி மண்ணைப் படிப்படியாக நீக்கி, ஒவ்வொரு முள்ளெலும்பின் ஆழத்தையும் திசையையும் எடுக்குமுன் பதிதல் வேண்டும். நீக்கிய மண்ணை நுண்கண் சல்லடையில் சலித்தால் ஆக்சிஸ் பல்முனை, நாவடி எலும்பு, செவிச் சிற்றெலும்புகள், பாலர் வளைவுப் பாதிகள் ஆகியவை தப்பும்.

கீழடியில் செட்டிநாட்டுக் கட்டட மரபில் எழுப்பப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திற்கு வருவோர் முதலில் தேடுவது முகங்களையே. தாழி ஒன்றின் அடியில் குவிந்த முள்ளெலும்புகள் எந்நிலையில், எவ்வரிசையில் கிடந்தன என்ற வரைபடமும் அவற்றின் அருகே இடம்பெறுமாயின், அம்முகத்திற்குரியவர் எவ்வாறு அடக்கம் செய்யப்பட்டார் என்பதைப் பார்வையாளர் தாமே படித்தறிவர்.