யாருடைய குரலில் பேசுவது?

ரங்கூன் என்றதும் எம்மவரில் மூத்தோர் பலருக்கு 1952இல் வெளியான ‘பராசக்தி’ நினைவுக்கு வரும். தங்கை மதுரையில், அண்ணன்மார் மூவர் ரங்கூனில், நடுவே உலகப்போர். கடைசி அண்ணன் குணசேகரனாகப் புதுமுகமான சிவாஜி கணேசனைப் போட்டபோது ஏவி.எம். தரப்பு திருப்திப்படவில்லை. ஆள் மெலிவு, வேறு நடிகரைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தது. கூட்டுத் தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் அந்த இளைஞரை நாடக மேடையில் பார்த்தவர். இன்று அந்தப் படத்தை நினைத்தால், நீதிமன்றக் காட்சியில் முழங்கும் குரல்தான் முதலில் காதில் விழுகிறது.

திரைப்படத்திலாவது முகமும் உண்டு. வானொலி விளம்பரத்திலும் பின்னணிக் குரலிலும் குரல் ஒன்றுதான் ஆள். அதை நாம் எப்படித் தெரிவுசெய்கிறோம்?

இந்தக் கேள்வியின் கனத்தை இன்று யங்கோன் எனப்படும் அதே ரங்கூனில் காணலாம். 1931இல் அந்நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். அவர்களில் தமிழரும் கணிசமானோர். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது பலர் கால்நடையாக இந்தியாவுக்கு ஓடினர். 1962இல் இராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகள் அரசுடைமையானபின் மேலும் பலர் கப்பலேறினர். எஞ்சியோருக்குத் தமிழ் வீட்டிலும் கோயிலிலும்தான் தங்கியது. தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத தலைமுறை அங்கே வளர்ந்தது. அவர்களுக்குத் துண்டுப்பிரசுரம் பயன்படாது. செய்தி காது வழியாகத்தான் போக வேண்டும்.

அங்கே ஒரு கண் சிகிச்சை முகாமுக்குத் தமிழில் ஒலி விளம்பரம் செய்வதாக வைத்துக்கொள்வோம். சென்னையில் பயின்ற பளிச்சென்ற குரல் ஒன்று கிடைக்கிறது. பர்மியச் சொல் கலந்து, பாட்டியின் ஊர்ப் பேச்சு வாசனையோடு பேசும் உள்ளூர்க் குரலும் இருக்கிறது. முதலாவதுதான் ‘நல்ல தமிழ்’ என்று கைகாட்டுவோர் அதிகம். ஆனால் அந்த அம்மா முகாமுக்குப் போவது, தன் வீட்டாள் சொன்னதுபோல் கேட்டால்தான்.

எமக்கும் இது தெரியாததல்ல. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் போன்றோரின் குரலைத் தமிழகமே காத்திருந்து கேட்டது. அவர்கள் சென்னைக்காரர் போல் பேச முயலவில்லை.

ஆகவே சங்கத்துக்கோ கடைக்கோ குரல் தேடுவோர் சிலவற்றைக் கவனிக்கலாம். கேட்கப்போவது யார் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வருவோரின் முகத்தைப் பாராமல் பதிவை மட்டும் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே வரிகளைக் கொடுங்கள். ஒருமுறை வாசித்தபின், அதையே அயல்வீட்டாருக்குச் சொல்வதுபோல் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவதில்தான் ஆள் தெரியும். முடிவை நிர்வாகக் குழு மட்டும் எடுக்காமல், கேட்கப்போகும் மூன்று நான்கு பேருக்குப் போட்டுக்காட்டி, என்ன விளங்கியது என்று கேளுங்கள். ஊர்ப் பேச்சைப் பகிடிக்காக மட்டும் அழைக்காதீர்கள். மருத்துவர், ஆசிரியர் பாத்திரங்களுக்கும் அந்தக் குரல் வேண்டும். ‘எங்கட பிள்ளைதானே’ என்று கூலியைக் குறைக்காதீர்கள். கணினியில் குரலை நகலெடுப்பதாயின் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

சட்ட அறிவித்தல் போன்றவற்றுக்குப் பொதுத்தமிழே பொருந்தும். அதையும் தெரிந்து சொல்லக்கூடியவர் எம் நடுவே இருப்பார்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ் பேசியும் வாசிக்காத பிள்ளைகள் எம் வீடுகளிலேயே வளர்கிறார்கள். யங்கோன் எமக்குத் தொலைவான ஊரல்ல. விளம்பரத்தில் தங்கள் வீட்டுப் பேச்சை ஒருநாளும் கேளாத பிள்ளைகள், அது வெளியில் பேசத்தக்க தமிழ் அல்ல என்றே எண்ணிவிடுவார்கள்.