கண்மாய் மீனுக்கு ஏற்ற தூண்டில் இரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கண்மாய்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சேரும் நீர் சில மாதங்களே நிற்கும். அதற்குள் தூண்டில் போட்டு வீட்டுக் குழம்புக்கு மீன் பிடிக்க விரும்பும் விவசாயிகள், மீன் மேயும் இடமறிந்து இரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜிலேபிக் கெண்டைக்குச் சிறு முள்ளில் கோத்த மண்புழு போதும். ரோகு நடுநீரிலும், மிர்கால் அடியிலும் மேயும். இவற்றுக்குக் கடலைப் பிண்ணாக்குத் தூளைக் கோதுமை மாவுடன் பிசைந்த உருண்டை ஏற்றது. கெளுத்தி இரவில் தரையை ஒட்டி இரை தேடும், கோழிக்குடல் இடலாம். விரால் அசையும் இரையைக் கவ்வும். கரையோரச் செடிகளை ஒட்டி உயிருள்ள சிறு கெண்டையை விடவும்.

மழைக்காலத்தில் குஞ்சுகளைக் காத்துத் திரியும் விராலைப் பிடித்தால், குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். ஆகவே அதைத் தவிர்க்கவும். மீன்பாசி குத்தகை விட்ட கண்மாயில் குத்தகைதாரரின் அனுமதி பெறுவது அவசியம்.