ஓவியம் இல்லாத ஓவியனின் ஊர்

தெற்கு ஃபிரான்ஸின் ஆர்ல் நகரில் ஒரு கோடைப் பகல். ரோமானியர்கள் கட்டியது நிற்கிறது. வான்கோ வரைந்தது எதுவும் ஊருக்குச் சொந்தமில்லை.

மணி பத்துகூட ஆகவில்லை. அதற்குள் ரயில் நிலைய வாசலில் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. அவின்யோனிலிருந்து இருபது நிமிடப் பயணம். இறங்கியதும் முதலில் வரவேற்பது மரத்துக்கு மரம் விடாமல் இரையும் சிள்வண்டுகள்தான்.

சற்று நடந்தால் லாமார்தீன் சதுக்கம். 1888-ல் வின்சென்ட் வான்கோ இங்கேதான் மஞ்சள் நிற வீடொன்றில் நான்கு அறைகளை வாடகைக்கு எடுத்தார். அந்த வீடு இப்போது இல்லை. 1944 ஜூனில் நேச நாடுகளின் விமானங்கள் போட்ட குண்டில் சிதைந்துவிட்டது. ஓவியத்தில் வீட்டுக்குப் பின்னால் தெரியும் உயரமான கட்டிடம் மட்டும் அப்படியே நிற்கிறது. எதிரே ஒரு பலகையில் ஓவியத்தின் அச்சுப் பிரதி. பயணிகள் பலகையைப் பார்க்கிறார்கள், வெற்றிடத்தைப் பார்க்கிறார்கள், மறுபடி பலகையைப் பார்க்கிறார்கள். அன்று முழுக்க எனக்கும் இதே வேலைதான் என்பது அப்போது தெரியவில்லை.

ஊருக்குள் சந்துகள் குறுகலானவை. இரு பக்கமும் ஜன்னல் கதவுகளைச் சாத்திவைத்து வெயிலை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு சந்து திரும்பியதும் திடீரென்று எழுகிறது ரோமானிய அரங்கம். கி.பி. 90 வாக்கில் கட்டியது. இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 60 வளைவுகள். 20,000 பேர் உட்கார்ந்து மனிதனும் மிருகமும் சாவதை ரசித்த இடம். ரோம் சரிந்த பிறகு நடந்ததுதான் எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது. படையெடுப்புகளுக்குப் பயந்த மக்கள் இந்தக் கல் வளையத்துக்குள்ளேயே குடியேறிவிட்டார்கள். வளைவுகளை அடைத்துச் சுவராக்கி, கோபுரங்கள் எழுப்பி, உள்ளே 200-க்கும் மேற்பட்ட வீடுகளும் இரண்டு சிற்றாலயங்களும் கட்டிக்கொண்டார்கள். 1820-களில்தான் வீடுகளை அகற்றும் வேலை தொடங்கியது. ரோமானியப் பெருமை மீண்டது. பல நூற்றாண்டுகள் அங்கே அடுப்பு மூட்டியவர்களுக்கு அடையாளமாக மிஞ்சியிருப்பவை மூன்று கோபுரங்கள்.

அரங்கம் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஸ்பானிய பாணியில் காளையைக் கொல்லும் சண்டையும் இங்கே உண்டு. ஆனால் உள்ளூர்க்காரர்களின் சொந்த விளையாட்டு வேறு. கொம்புகளுக்கு இடையே கட்டிய சிறு துணிப்பூவையும் நூல் கயிறுகளையும் வெள்ளை உடை இளைஞர்கள் ஓடிவந்து பறிக்க வேண்டும். காளை உயிரோடு வீடு திரும்பும். சுவரொட்டிகளில் காளையின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

பக்கத்திலேயே ரோமானிய நாடக அரங்கம். இரண்டு தூண்கள் தவிர பெரும்பாலும் இடிபாடு. 1651-ல் இங்கே துண்டு துண்டாகக் கிடைத்தது ஒரு வீனஸ் சிலை. 1683-ல் பதினான்காம் லூயிக்குக் காணிக்கையாகப் போய், கையும் ஆப்பிளும் ஒட்டவைக்கப்பட்டு, இப்போது பாரீஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆர்லுக்கு மிச்சம் நகல். ஊருக்கு வெளியே உள்ள அலிஸ்கான் ரோமானிய இடுகாட்டிலும் இதே கதை. நல்ல வேலைப்பாடுள்ள கல் சவப்பெட்டிகளை நகரப் பெரியவர்களே விருந்தாளிகளுக்குப் பரிசாகக் கொடுத்துத் தீர்த்தார்கள். அமராவதிச் சிற்பங்களை லண்டனில் போய்ப் பார்த்த இந்தியருக்கு இந்த ஏக்கம் புரியும். ஒரே வித்தியாசம், இங்கே கொடுத்தவர்கள் ஊர்க்காரர்களே.

மதியம் வெயில் தாங்கவில்லை. பழைய மருத்துவமனையின் முற்றத்தில் ஒதுங்கினேன். வான்கோ வரைந்தபடியே பூச்செடிகளைப் பராமரித்து, வளைவுகளுக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள். 1888 டிசம்பர் 23 இரவு காதை அறுத்துக்கொண்ட பிறகு அவரைக் கொண்டுவந்தது இங்கேதான். சில வாரங்களில் அக்கம்பக்கத்தார் ஏறத்தாழ முப்பது பேர் மேயருக்கு மனு எழுதினார்கள். இந்த ஆளால் ஆபத்து, அடைத்துவையுங்கள் என்பது சாரம். போலீஸ் வீட்டைப் பூட்டியது. 1889 மே மாதம் அவர் சேன் ரெமி மனநல விடுதிக்குப் போய்விட்டார். பதினைந்து மாதங்களில் சுமார் 200 ஓவியங்கள் வரைந்த ஊரில், நகரம் ஒன்றைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. சிகிச்சை அளித்த இளம் டாக்டர் ஃபெலிக்ஸ் ரேயை வரைந்து பரிசளித்தார். அது டாக்டரின் வீட்டுக் கோழிக்கூண்டின் ஓட்டையை அடைக்கப் பயன்பட்டது என்கிறார்கள். இப்போது மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை வைத்து ஊர்க்காரர்களைத் திட்டுவது சுலபம். நள்ளிரவில் ரத்தம் சொட்ட நடமாடும் பக்கத்து வீட்டுக்காரரை நாம் எப்படி நடத்தியிருப்போம் என்று யோசித்தபடியே வெளியே வந்தேன். உலகிலேயே அதிக காலம் வாழ்ந்தவராகப் பதிவான ஜான் கால்மான் இதே ஊர்க்காரர். 1997-ல் 122 வயதில் இறந்தார். சிறுமியாக வான்கோவைக் கடையில் பார்த்ததாகவும், அழுக்கான, சிடுசிடுப்பான ஆள் என்றும் சொல்லியிருக்கிறார். அவரது 90-ஆவது வயதில் ஒரு வழக்கறிஞர், சாகும்வரை மாதம் 2,500 ஃபிராங்க் தருவது, பிறகு வீட்டை எடுத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் போட்டார். முப்பது வருஷம் கட்டிவிட்டு அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்.

இழந்தவை போக, ஆறு திருப்பிக் கொடுத்தவையும் உண்டு. ரோன் நதிக்கரை அருங்காட்சியகத்தில் 31 மீட்டர் நீளமுள்ள ரோமானிய சரக்குப் படகு ஒன்று முழுசாக இருக்கிறது. கட்டிடக் கல் ஏற்றிய நிலையிலேயே மூழ்கியது. 2011-ல் சேற்றிலிருந்து எடுத்தார்கள். பக்கத்தில் 2007-ல் ஆற்றில் கிடைத்த பளிங்குத் தலை. ஜூலியஸ் சீசர்தான் என்கிறார்கள் கண்டெடுத்தவர்கள். சந்தேகப்படும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எனக்கு சீசரைவிடப் படகுதான் பிடித்தது. அடுப்படி இருந்த இடம்கூடத் தெரிகிறது.

இரவு உணவுக்கு மாட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம். அரிசி பக்கத்து கமார்க் சதுப்பு நிலத்தில் விளைகிறது. இரண்டாம் உலகப்போரின்போது கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட வியட்நாமியத் தொழிலாளர்களின் கைத்திறன் அந்தச் சாகுபடிக்கு உயிர் கொடுத்தது. அவர்களுக்கான நன்றி வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

கோடையில் இங்கே இருட்ட ஒன்பதரை மணியாகிறது. ஆற்றங்கரைக்குப் போனேன். 1888 செப்டம்பரில் வான்கோ இங்கே நின்று, நதியில் விழும் விளக்கொளியையும் நட்சத்திரங்களையும் வரைந்தார். பாரீஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியம் 2024 கோடையில், 136 வருஷம் கழித்து, ஆர்லுக்கு இரவலாக வந்தது. வான்கோ பெயரில் 2014-ல் திறந்த கண்காட்சிக்கூடத்தில் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கரையில் இங்கேயும் ஒரு பலகை, ஓர் அச்சுப் பிரதி. இந்த முறை பார்ப்பதற்கு ஆறும் இருந்தது. எதிர்க்கரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கடைசி ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம்.